வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு திறந்த வன்பொருளை உருவாக்குவது எப்படி?

ஏரிக்கரை, ஹலசூரு, பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ஏரிகளின் நீர்மட்டத்தை அளந்து குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு எட்டும் லோரா வானலை வழியாக அனுப்பும் ஒரு சிறு கருவியை நண்பர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். மின்சுற்று வரைபடம், போர்டில் பாகங்களும் செம்புத் தடங்களும் அமையும் லேஅவுட், பெட்டியின் வடிவமைப்பு, கருவிக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் என அனைத்தையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தே வைத்திருக்கிறோம். நானும் இன்னொரு நண்பரும் பெங்களூரில் இருக்கிறோம். ஃபர்ம்வேர் எழுதுபவர் சென்னையிலும், பெட்டியை வடிவமைப்பவர் கோயம்புத்தூரிலும், லேஅவுட் செய்பவர் பெர்லினிலும் இருக்கிறார்கள். எவரும் இதைச் சம்பளத்துக்குச் செய்யவில்லை. வேலை முடிந்த மாலைகளும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் எங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

முதலில் மேலிருந்து மீயொலியை அனுப்பி நீர்மட்டத்தை அளக்கும் உணரியைத்தான் எண்ணியிருந்தோம். பெல்லந்தூர் போன்ற ஏரிகளில் மிதக்கும் நுரை அந்த ஒலியை விழுங்கிவிடும் என்பதால், நீருக்குள் மூழ்கியிருந்து அழுத்தத்தை அளக்கும் உணரிக்கு மாறினோம்.

மென்பொருள் திட்டங்களில் தொலைவிலிருந்து சேர்ந்து உழைப்பது எங்களுக்குப் புதிதன்று. ஆனால் அந்தப் பழக்கங்கள் இங்கே பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன. நானும் பெர்லின் நண்பரும் ஒரே வாரத்தில் ஒரே லேஅவுட் கோப்பைத் திருத்தினால், இரண்டையும் இணைக்க வழி தெரியாமல் ஒருவரின் உழைப்பைக் கைவிட வேண்டியிருக்கிறது. சென்னையில் இருக்கும் போர்டும் என் மேசையில் இருக்கும் போர்டும் ஒரே வடிவமைப்பிலிருந்து வந்தவை. ஒரே ஃபர்ம்வேர் ஓடுகிறது. இருந்தும் ஒரே ஆழத்தில் சென்னைப் போர்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. குறை யார் பக்கம் என்ற பேச்சு முடிவின்றி நீள்கிறது. உதிரிப் பாகங்களை அவரவர் ஊரில் அவரவர் வாங்குவதா, ஒருவரே வாங்கி அனுப்புவதா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. இத்தகைய வேலையை ஒழுங்குபடுத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

செம்புத்தடம், எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

வணக்கம் நண்பரே. போர்டு லேஅவுட் என் அன்றாடத் தொழில் என்பதால் கோப்புகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போர்டு வடிவமைக்கும் மென்பொருளான கீகேடின் கோப்புகள் எல்லாம் எழுத்து வடிவக் கோப்புகளே. 2021 டிசம்பரில் வெளிவந்த 6ஆம் பதிப்பிலிருந்து சுற்று வரைபடமும் போர்டு கோப்பைப் போன்ற அமைப்புக்கு வந்துவிட்டது. ஆகவே கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளான கிட் அவற்றை வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டும். ஆனால் ஒப்பிட முடிகிறது என்பதாலேயே இணைக்கவும் முடியும் என்று கொள்ளக் கூடாது. போர்டில் ஒரு தடத்தைச் சற்றே நகர்த்தினாலும், அதைச் சூழ்ந்துள்ள செம்புப் பரப்பு மறுபடி நிரப்பப்படும். அந்தப் பரப்பின் ஓரப் புள்ளிகள் முழுவதும் கோப்பிலேயே எழுதப்படுவதால், சிறு திருத்தம்கூட நூற்றுக்கணக்கான வரி மாற்றங்களாகத் தெரியும். இருவரின் திருத்தங்களைக் கிட் மோதலின்றி இணைத்துத் தந்தாலும், இருவரும் வெவ்வேறு தடங்களை ஒரே இடத்தின் வழியே கொண்டுபோயிருந்தால் கிடைப்பது ஒரு குறுக்குச் சுற்றுதான்.

எனவே லேஅவுட் கோப்பு எந்த நேரத்திலும் ஒருவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். யார் கையில் இருக்கிறது என்பதைக் குழுவினர் அனைவரும் பார்க்கும் ஓரிடத்தில் எழுதிவைத்து, முடித்தவுடன் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். பெர்லின் நேரம் இதற்கு உதவும்: குளிர்காலத்தில் பெங்களூரில் இரவு 10 மணி என்றால் அங்கே மாலை 5.30 தான். நீங்கள் மூடிவைக்கும் வேளையில் அவர் திறக்கலாம். பெட்டியை ஃப்ரீகேட் மென்பொருளில் வடிவமைப்பவருக்கும் இதே நெறி பொருந்தும்; அந்தக் கோப்பு உள்ளே சுருக்கப்பட்ட ஒரு பொதி என்பதால் கிட்டால் அதை ஒப்பிடவே முடியாது. பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ் தரும் பூட்டு வசதியை அதற்குப் பயன்படுத்துங்கள்.

சுற்று வரைபடத்தில் இவ்வளவு இறுக்கம் தேவையில்லை. அதைப் படிநிலைத் தாள்களாகப் பிரித்தால் ஒவ்வொரு தாளும் தனிக் கோப்பாகிவிடும். மின்வழங்கலை ஒருவரும் உணரிப் பகுதியை இன்னொருவரும் ஒரே நேரத்தில் திருத்தலாம். பாகங்களின் குறியீடுகளையும், அவை போர்டில் அமரும் இடத்தின் பதிவடிவங்களையும் திட்டக் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியில் திறக்கும் போர்டு அடுத்தவர் கணினியில் பாகங்கள் இன்றித் திறக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய கீகேட் திறக்காது என்பதால், பதிப்பு உயர்வைக் குழுவாக முடிவுசெய்து ஒரே நாளில் செய்யுங்கள். 2024இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்து மின்விதிச் சோதனையையும் வடிவமைப்பு விதிச் சோதனையையும் கட்டளை வரியிலிருந்தே ஓட்ட முடிகிறது. மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் அவை தானாக ஓடும்படி அமைத்தால், பிழையுள்ள போர்டு முதன்மைக் கிளைக்குள் நுழைவது பெரிதும் குறையும்.

இவற்றைவிட முதன்மையான ஒன்று உண்டு. சென்னை ஐஐடியின் சக்தி செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வன்பொருளை விவரிக்கும் புளூஸ்பெக் என்னும் மொழியில் எழுதப்படும் நிரல். எங்கிருப்பவரும் தம் கணினியிலேயே உருவகப்படுத்திச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் போர்டுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வேலையைப் பிரிக்க வேண்டுமென்றால் பொருளையே பிரிக்க வேண்டும். 2009இல் ஐரோப்பிய அணு இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் தொடங்கிய திறந்த வன்பொருள் களஞ்சியத்தில், தாங்கிப் போர்டுகள் தனித் திட்டங்களாகவும் அவற்றின் மேல் செருகப்படும் அளவீட்டுப் போர்டுகள் வேறு திட்டங்களாகவும் இருப்பதைக் காணலாம். இரண்டையும் எஃப்எம்சி என்னும் பொதுக் கனெக்டர் தரம் இணைக்கிறது. நீங்களும் அதுபோலவே, செயலியும் வானலையும் ஒரு போர்டில், உணரியும் மின்வழங்கலும் இன்னொரு போர்டில் என்று பிரித்து, இடையிலுள்ள கனெக்டரின் ஒவ்வொரு முனையிலும் எந்த மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம், எந்தச் சைகை என்பதை ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்தப் பக்கத்தை மாற்றுவதற்கு மட்டும் அனைவரின் ஒப்புதலும் வேண்டும். மற்றவற்றை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

பழைய வரைவறை, தூரவாணி நகர், பெங்களூரு

தம்பி, உங்கள் ஒரு மீட்டர் சிக்கலுக்கு முதலில் வருகிறேன். உணரி முழு அழுத்தத்தை அளப்பதா, வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துவிட்டு அளப்பதா என்று டேட்டாஷீட்டைப் பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டரில் இருக்கிறது; இங்கே வளிமண்டல அழுத்தம் சுமார் 910 ஹெக்டோபாஸ்கல். சென்னையில் அது 1010ஐ ஒட்டி இருக்கும். ஒரு மீட்டர் நீரின் அழுத்தம் சுமார் 98 ஹெக்டோபாஸ்கல். உங்கள் வேறுபாடு அப்படியே அதில் அடங்கிவிடுகிறது. முழு அழுத்த உணரியை வைத்துக்கொண்டு, பெங்களூரில் கண்ட சுழிய மதிப்பை ஃபர்ம்வேரில் நிலையான எண்ணாக எழுதியிருந்தால் சென்னையில் இப்படித்தான் காட்டும். குறை யார் போர்டிலும் இல்லை.

இதை எண் மாற்றிச் சரிசெய்துவிடாதீர்கள். நம் பகுதியில் வளிமண்டல அழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும். அதுவே நீர்மட்டத்தில் சில சென்டிமீட்டராகத் தெரியும். வங்கக் கடலில் ஒரு புயல் வந்தால் அது பல சென்டிமீட்டராகும். நீருக்கு மேலே பெட்டிக்குள் ஒரு காற்றழுத்த உணரியை வைத்து அதன் அளவைக் கழியுங்கள், அல்லது கேபிளுக்குள் காற்றுக் குழாய் உள்ள உணரியை வாங்குங்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த விடையைக் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து வந்த அறிக்கையில் ஊரின் உயரமும் அன்றைய காற்றழுத்தமும் எழுதப்பட்டிருந்தால் போதும். தொலைவில் இருப்பவர் உங்கள் மேசையைப் பார்க்க முடியாது. நீங்கள் எழுதியதைத்தான் பார்ப்பார். ஆகவே ஒவ்வொரு சோதனை அறிக்கையிலும் போர்டின் வரிசை எண், அதன் திருத்த எண், ஃபர்ம்வேர் கமிட் (கிட்டில் பதிவான எந்த நிலை நிரல் என்ற அடையாளம்), மின்சாரம் எதிலிருந்து வந்தது, எந்த மீட்டரால் அளந்தது, வெப்பநிலை, இடம் ஆகியவை இருந்தே தீர வேண்டும். இதற்கென ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, நிரப்பப்படாத அறிக்கையை ஏற்பதில்லை என்று குழுவில் முடிவுசெய்யுங்கள். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் நாள்கணக்கான கடிதப் போக்குவரத்தை அது மிச்சப்படுத்தும்.

நான் இங்குள்ள தொலைபேசித் தொழிற்சாலையின் வரைவறையில் வேலை பார்த்தவன். 1948இல் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஓர் எண்ணும் ஒரு திருத்த எழுத்தும் உண்டு. ஒரு மின்தடையின் மதிப்பை மாற்ற வேண்டுமென்றாலும் மாற்றக் குறிப்பு எழுத வேண்டும். ஏன் மாற்றுகிறோம், எந்த வரைபடங்களைத் தொடும், எந்த வரிசை எண்ணிலிருந்து நடைமுறைக்கு வரும், முன்பே செய்தவற்றை என்ன செய்வது ஆகிய நான்குக்கும் அதில் விடை இருக்கும். கடைசி இரண்டையும்தான் மென்பொருளில் பழகியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கமிட் செய்தவுடன் பழைய நிரல் மறைந்துவிடலாம். கோயம்புத்தூரில் மேசைமேல் இருக்கும் பழைய போர்டு மறையாது. உங்களிடம் உள்ள ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு வரிசை எண் எழுதி ஒட்டுங்கள். அது இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தப் பாகத்தை மாற்றினார், எந்தத் தடத்தை வெட்டினார், எங்கே கம்பி ஒட்டினார் என்பதற்கு ஒரு பதிவேடு இருக்கட்டும். கையால் கம்பி ஒட்டிய போர்டும் ஒட்டாத போர்டும் ஒரே பெயரில் உலவினால், எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

செம்புத்தடம் அவர்கள் சொன்ன இரு போர்டு ஏற்பாட்டில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஏரிக்கரையில் ஈரமும் வெப்ப மாற்றமும் அதிகம். அங்கே முதலில் பழுதாவது கனெக்டர்தான். குழுவின் வசதிக்காகக் கருவியின் ஆயுளைக் குறைப்பது முறையாகாது.

பாகக்கூடை, சிவாஜிநகர், பெங்களூரு

பள்ளி மாணவர்களுக்கான மின்னணுப் பயிலரங்குகளுக்குப் பாகத் தொகுப்புகளைச் சேர்த்து அனுப்புவது என் வேலை. அதனால் கொள்முதலைப் பற்றி எழுதுகிறேன்.

ஒருவரே வாங்கி, ஓரிடத்தில் தொகுத்து, அனைவருக்கும் அனுப்புவதே சரி. இங்கே எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் ரெகுலேட்டரும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ரெகுலேட்டரும் மேலே ஒரே எண்ணைத் தாங்கியிருக்கலாம். தயாரித்த நிறுவனம் வேறாக இருக்கும், சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டமும் வேறாக இருக்கும். மின்கலத்தில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய உங்கள் கருவிக்கு அந்த வேறுபாடு உயிர்நாடி. எஸ்.பி. ரோடு எனக்கு மிகவும் பிடித்த கடைத்தெரு. கம்பி, பெட்டி, திருகு, கனெக்டர், சோல்டரிங் பொருள்கள் ஆகியவற்றுக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் செயலி, ரெகுலேட்டர், வானலை மாட்யூல், அழுத்த உணரி ஆகியவற்றை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் ஒரே தொகுதியாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பானில் தொடங்கிய சேஃப்காஸ்ட் இயக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி. தன்னார்வலர்கள் தாங்களே பொருத்திக்கொள்ளும் கதிர்வீச்சு அளவியை அவர்கள் ஒரே வகைக் கைகர் குழாயுடன் தொகுப்பாகத் தந்தார்கள். வெவ்வேறு கைகள் பொருத்திய கருவிகளின் அளவுகளை ஒரே வரைபடத்தில் வைக்க முடிந்ததற்கு, உள்ளே இருக்கும் உணரி ஒன்றாக இருந்தது முக்கியமான காரணம்.

பாகப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளரின் முழுப் பாக எண்ணும், ஒப்புக்கொள்ளப்பட்ட மாற்றுப் பாகமும் இருக்க வேண்டும். 2021இல் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது எஸ்டிஎம்32 வகைச் செயலிகள் கிடைக்காமல் எத்தனையோ திறந்த திட்டங்கள் நின்றுபோயின. மாற்று என்று எழுதினால் மட்டும் போதாது; அந்த மாற்றைப் போர்டில் பொருத்திச் சோதித்தவர் யார் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெறும் போர்டுகளைச் சீனாவின் ஷென்ஜெனில் அச்சிட்டு வரவழைத்தால், வெளிநாட்டுக் கூரியரையும் சுங்கத்தையும் ஒருமுறை மட்டுமே சந்திக்கும்படி பெங்களூருக்கு மொத்தமாக வாங்கி, இங்கிருந்து சென்னைக்கும் கோவைக்கும் அனுப்புங்கள். பெர்லின் நண்பருக்கு மட்டும் அச்சகத்திலிருந்து நேரே போகட்டும்.

தொகுப்பில் மின்கலத்தை வைக்காதீர்கள். லித்தியம் அயனி மின்கலத்தைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மின்கலத்தை அவரவர் ஊரில் வாங்கி, பெரியவர் சொன்ன படிவத்தில் அதன் வகையையும் எழுதிவிடலாம். வானலைக்கும் ஒரு குறிப்பு: இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றிப் பயன்படுத்தலாம், ஐரோப்பாவின் லோரா திட்டத்தின் அடிப்படை அலைவரிசைகள் 868க்குச் சற்று மேலே இருக்கின்றன. மாட்யூல் ஒன்றாக இருந்தாலும் ஃபர்ம்வேரில் நாட்டுக்கேற்ற தெரிவு வேண்டும். பெர்லினில் சோதித்த ஃபர்ம்வேரை அப்படியே இங்கே ஏரியில் இறக்கக் கூடாது.

செம்புத்தடம், எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு

ஐயா சொன்ன கனெக்டர் ஐயம் நியாயமானது. ஏரியில் நிற்கும் கருவிக்கு ஒரே போர்டுதான் நல்லது. நான் முன்வைத்தது உருவாக்கும் காலத்துக்கு உரிய ஏற்பாடு என்று திருத்திச் சொல்கிறேன். சோதனைக் காலத்தில் இரண்டு போர்டுகள் இருக்கட்டும். அப்போது உணரிப் பகுதி தவறினால் அதை மட்டும் மறுபடி அச்சிட்டால் போதும், செயலிப் போர்டு வீணாகாது. இரண்டும் நிலைபெற்ற பிறகு, அவற்றின் சுற்றுத் தாள்களை மாற்றாமல் ஒரே லேஅவுட்டில் சேர்த்துவிடலாம். சுற்று வரைபடத்தைத் தாள்களாகப் பிரிக்கச் சொன்னதன் பயன் அப்போது இரட்டிப்பாகும்.

வரிசை எண் ஒட்டுவதோடு, போர்டின் மேல் எழுத்துகள் பதியும் மேலச்சிலேயே திருத்த எண்ணும் கமிட்டின் சுருக்க அடையாளமும் வரும்படி செய்யுங்கள். கீகேடில் உரை மாறிகள் இருப்பதால், போர்டு அச்சிடத் தேவையான கெர்பர் கோப்புகளை உருவாக்கும் நிரலே அதை நிரப்பிவிடும். கையால் எழுதினால் ஒருநாள் மறந்துவிடும். கெர்பர் கோப்புகளை எவரும் தம் கணினியில் உருவாக்கி அச்சகத்துக்கு அனுப்பக் கூடாது என்பதையும் விதியாக்குங்கள். பொதுக் களஞ்சியத்தில் வெளியீடாகக் குறிக்கப்பட்டதை மட்டுமே அனுப்ப வேண்டும்.

ஏரிக்கரை, ஹலசூரு, பெங்களூரு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, நீங்கள் சொன்னது சரியே: எங்கள் உணரி முழு அழுத்தத்தை அளப்பதுதான், சுழிய மதிப்பு பெங்களூரில் எடுத்ததுதான். பெட்டிக்குள் காற்றழுத்த உணரி ஒன்றைச் சேர்க்கும் மாற்றக் குறிப்பை, நீங்கள் சொன்ன நான்கு கேள்விகளுக்கும் விடையுடன், இன்றே எழுதிக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். முன்பே செய்த போர்டுகளிலும் உணரிகளை இணைக்கும் ஐ2சி முனைகள் வெளியே எடுக்கப்பட்டிருப்பதால், சிறு மாட்யூலைக் கம்பியால் இணைத்து அவற்றையும் பயன்படுத்த முடியும். பதிவேட்டில் அதைக் குறிப்போம்.

இன்னும் ஒரு கேள்வி. குழுவில் ஒருவர், பிறர் இதை விற்றுப் பணமாக்கக் கூடாது என்று உரிமத்தில் எழுத வேண்டும் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லப் போதிய விவரம் இல்லை.

பாகக்கூடை, சிவாஜிநகர், பெங்களூரு

விற்பனையைத் தடைசெய்தால் அது திறந்த வன்பொருள் என்ற வரையறைக்குள் வராது. 2012இல் அமைந்த திறந்த வன்பொருள் சங்கம் 2016 முதல் சான்றிதழ் அளிக்கிறது. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்துடன் அதைப் பெற முடியாது. நடைமுறையிலும் அது உங்களுக்கே தடையாகும்: பீன்யாவில் உள்ள ஒரு சிறு தொழிற்கூடம் உங்கள் கருவியை நூறு எண்ணிக்கையில் செய்து ஏரிக் குழுக்களுக்கு விற்க முன்வந்தால், அதை வரவேற்க வேண்டிய இடத்தில் நீங்கள் தடுத்து நிற்பீர்கள்.

அந்த நண்பரின் அச்சம், எவரோ வடிவமைப்பை எடுத்து மேம்படுத்திவிட்டு மூடிக்கொள்வார் என்பதாக இருந்தால், அதற்கு வேறு வழி உண்டு. செர்ன் திறந்த வன்பொருள் உரிமத்தின் 2ஆம் பதிப்பு 2020இல் மூன்று வகைகளாக வந்தது. வலுவான பரிமாற்ற வகையில், வடிவமைப்பை மாற்றிப் பொருளாகச் செய்து பிறருக்கு அளிப்பவர் மாற்றிய முழு வடிவமைப்பையும் அதே உரிமத்தில் தர வேண்டும். மென்மையான வகையில் அந்தக் கடமை உங்கள் பகுதியோடு நின்றுவிடும். இன்னொரு பெரிய கருவிக்குள் உங்கள் போர்டை வைப்பவர் தம் கருவி முழுவதையும் திறக்க வேண்டியதில்லை. மூன்றாவது வகை எந்தக் கடமையையும் விதிக்காததற்கு ஏறத்தாழச் சமம். ஏரி நீர்மட்டம் பொதுச் செய்தி என்று நீங்கள் கருதுவதால், வலுவான வகையே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. கடையில் வாங்கக் கிடைக்கும் செயலி, உணரி போன்ற பாகங்களின் உள்வடிவமைப்பை நீங்கள் தர வேண்டியதில்லை என்பதை அந்த உரிமமே தெளிவாக்கியிருக்கிறது. ஃபர்ம்வேருக்கு ஜிபிஎல் போன்ற மென்பொருள் உரிமத்தைத் தனியாக இடுங்கள்.

வடிவமைப்பு எங்கே கிடைக்கும் என்ற முகவரியைப் பொருளின் மேலேயே குறிக்கும்படி கேட்கவும் அந்த உரிமத்தில் இடம் உண்டு. மேலச்சில் கமிட் அடையாளத்துக்கு இடம் ஒதுக்கும்போது, களஞ்சிய முகவரிக்கும் ஒரு வரி விடச் சொல்லிப் பெர்லின் நண்பருக்கு இப்போதே எழுதிவிடுங்கள். பாகங்கள் நெருங்கிய பிறகு அதற்கு இடம் கிடைக்காது.